இரண்டு தேங்காய், ஒரு ஞாயிற்றுக்கிழமை: ராத்திரிக்குச் சொதி, அப்புறம் வட்டிலப்பம்

புதிதாக எதையாவது சமைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். ஒரே ராத்திரியில் நாலு புதுப் பண்டம் செய்யப் பார்ப்பார்கள். ஒன்று அடியில் பிடிக்கும்போது இன்னொன்று பொங்கும். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் பசியோடு வந்து நிற்கும்போது மேடை முழுக்கப் பாத்திரம்தான் இருக்கும், தட்டில் வைக்க ஒன்றும் இருக்காது. நானும் அப்படி இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கியிருக்கிறேன்.

இப்போது நான் பார்த்துக்கொள்வது ஒன்றுதான்: சாப்பாடும் இனிப்பும் ஒரே பொருளைச் சுற்றி இருக்க வேண்டும். அந்த ஒரு பொருளின் குணம் பிடிபட்டுவிட்டால் இரண்டும் தானாக வரும். அதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் ஜோடி, திருநெல்வேலிச் சொதியும் வட்டிலப்பமும். இரண்டுக்கும் உயிர் தேங்காய்ப் பால். இரண்டுமே கெடுவதும் ஒரே காரணத்தால்தான், தீ கூடிப்போவதால். கீழே உள்ள அளவு 4 பேருக்கு.

சொதி எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டோடு சேர்ந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்க வேண்டும். கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்துச் சொதி வேறு. அது தண்ணீராக இருக்கும். மஞ்சளும் வெந்தயமும் போட்டு, கடைசியில் தேசிக்காய் (அவர்கள் எலுமிச்சைக்குச் சொல்லும் பெயர்) பிழிந்து, இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்வது. நம்முடையது பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்து கொஞ்சம் கெட்டியாக, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற குழம்பு. செய்முறை தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாள் பண்டம். முட்டை, தேங்காய்ப் பால், கித்துள் என்ற ஒரு வகைப் பனையின் கருப்பட்டி மூன்றும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. மலாய்க்காரர்கள் வழியாக அங்கே வந்தது என்பார்கள். நம் கரையில் கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளிலும் செய்வார்கள். வட்டலப்பம் என்றும் பெயர் உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாடி வீட்டில் குடியிருந்த காயல்பட்டினத்து லாத்தா (அக்காவை அங்கே முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). கித்துள் நமக்குச் சுலபமாகக் கிடைக்காது. பனங்கருப்பட்டி போட்டால் ருசி கொஞ்சம் மாறும், ஆனால் குறை சொல்ல முடியாது.

வாங்க வேண்டியது

முற்றிய தேங்காய் 2. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். இளசாக இருந்தால் பால் கொஞ்சமாகத்தான் வரும்.

சொதிக்கு: பாசிப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், இஞ்சி ஒரு விரல் நீளத் துண்டு, பச்சை மிளகாய் 5, கேரட் 1, பீன்ஸ் 8, உருளைக்கிழங்கு 1, முருங்கைக்காய் 1, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் 1. தாளிக்க நெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை, நாலைந்து முந்திரி.

வட்டிலப்பத்துக்கு: முட்டை 4, கருப்பட்டி 200 கிராம், ஏலக்காய் 4, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, முந்திரி கொஞ்சம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. செய்முறைகளில் ‘1 கப்’ என்றால் அனேகமாக 240 அல்லது 250 மில்லி. நம் வீட்டு டம்ளர் 150 மில்லியும் இருக்கும், 200 மில்லியும் இருக்கும். சமையலில் முக்கால்வாசிச் சண்டை இந்த டம்ளரால்தான். குழம்பில் கண் அளவு போதும். முட்டை சேர்கிற இனிப்பில் போதாது. ஒரு சின்ன எடை மெஷின் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலை 4 மணி: பால் எடுப்பது

தேங்காயைத் துருவி, மிக்ஸியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் 1 கப் விட்டு அரையுங்கள். இரண்டு தேங்காய்த் துருவல் ஒரே தடவையில் மிக்ஸியில் அடங்காது, இரண்டு ஈடாகப் போடலாம். ரொம்ப நேரம் ஓட்ட வேண்டாம். மிக்ஸி சூடேறினால் கொழுப்பு வெண்ணெய் மாதிரித் திரண்டுவிடும். மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு ரொம்ப நல்லது. பால் முழங்கை வரை வழியும், அதனால் புடவை முந்தானையை முதலிலேயே செருகிக்கொள்வது உத்தமம். சுமார் 400 மில்லி கெட்டிப் பால் கிடைக்கும். இது முதல் பால்.

அதே சக்கையில் இன்னும் இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால்.

முதல் பாலை இரண்டாகப் பிரித்து 200 மில்லி இனிப்புக்கு, 200 மில்லி சொதிக்கு என்று தனித்தனியாக மூடி வையுங்கள். இரண்டாம் பால் முழுவதும் சொதிக்கு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் டின் பால் வாங்கினால் நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறக்க வேண்டும். முதல் பாலுக்கு அதை அப்படியே ஊற்றலாம். இரண்டாம் பாலுக்கு ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர். டின் பாலில் பெரும்பாலும் கெட்டிப்படுத்தும் பொருள் ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதனால் சீக்கிரம் திரியாது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, மணம் மட்டும் கொஞ்சம் மட்டு.

தீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப் பால் என்பது கொழுப்பும் தண்ணீரும் கலந்து நிற்பது. அந்தக் கலவையைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். சூடு 80 டிகிரிப் பக்கம் போகும்போது புரதம் திரண்டுவிடும், கொழுப்பு தனியே பிரியும். மேலே எண்ணெய் மிதக்க, நடுவே திப்பித்திப்பியாகத் தெரிவது அதுதான். முட்டையும் கிட்டத்தட்ட இதே ஜாதி. பாலும் கருப்பட்டியும் கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டி அழகாக இறுகும். அதற்கு மேல் சூடு ஏறினால் இறுகின முட்டை தண்ணீரைக் கக்கும். வீட்டில் யாரும் தெர்மாமீட்டர் வைத்துச் சமைப்பதில்லை, தேவையும் இல்லை. நுரையையும் ஆவியையும் பார்க்கத் தெரிந்தால் போதும்.

நாலரை மணி: வட்டிலப்பம் முதலில்

இனிப்பை முதலில் செய்துவிட வேண்டும். அது ஆறிய பிறகுதான் ருசி.

கருப்பட்டியைத் தட்டி, கால் கப் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் கரையுங்கள். பாகு பதமெல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். அப்புறம் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கப் பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பும் மண்ணும் துரும்பும் கருப்பட்டியின் கூடவே வரும். வடிகட்டியின் அடியில் தங்குவதைப் பார்த்தால் அடுத்த தடவை யாரும் சொல்லாமலே வடிகட்டுவீர்கள்.

இனி பொறுமை. பாகு நன்றாக ஆற வேண்டும். விரலை விட்டால் சூடே தெரியக் கூடாது. முதல் தடவை நான் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டேன். “தங்கச்சி, பாகு ஆறட்டும், முட்ட வெந்துரும்” என்று லாத்தா மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்வதற்குள் ஊற்றிவிட்டேன். கருப்பட்டி போட்ட முட்டைப் பொரியல் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கரண்டி சாப்பிட்டார், அது வேறு விஷயம்.

பாகு ஆறும் நேரத்தில் முட்டைகளை உடைத்துக் கலக்குங்கள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து அப்புறம் சேர்ப்பது நல்லது; ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் கெடுத்துவிடும். முள்கரண்டியால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும் வரை கலக்கினால் போதும். வழுவழுவென்று வர வேண்டுமானால் நுரை பொங்க அடிக்கக் கூடாது. ஆனால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதுதான் நல்ல வட்டிலப்பம் என்று சொல்கிறவர்களும் நிறைய. அவர்கள் நன்றாகவே அடிப்பார்கள். எனக்கு வழுவழுப்புதான் பிடிக்கும். முதல் தடவை எது வந்தாலும் ‘இப்படித்தான் செய்ய நினைத்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

முட்டையில் ஆறிய பாகு, 200 மில்லி முதல் பால், ஏலக்காய்ப் பொடி, ஜாதிக்காய், உப்பு எல்லாம் சேர்த்துக் கலக்கி, இன்னொரு தடவை வடிகட்டுங்கள். உடையாத வெள்ளைக்கரு இழைகள் நின்றுவிடும். நெய் தடவிய எவர்சில்வர் டப்பாவில் முக்கால் பாகம் வரை ஊற்றுங்கள். இந்த அளவுக்கு 1 லிட்டர் டப்பா சரியாக இருக்கும். மேலே ஃபாயில் தாளை இறுக்கமாகச் சுற்றுங்கள். இதை விட்டுவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் ஆவித் தண்ணீர் மேற்பரப்பில் குழி குழியாக விழும்.

இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்த பிறகு டப்பாவை ஸ்டாண்டின் மேல் இறக்கி, மூடி, தீயைக் குறையுங்கள். தண்ணீர் ‘களக் களக்’ என்று கொதித்து டப்பா ஆடினால் தீ அதிகம். மெல்ல முணுமுணுக்க வேண்டும். குக்கரில் வைப்பதானால் வெயிட் போடாதீர்கள். 35 நிமிடம் கழித்துத் திறந்து டப்பாவை லேசாக அசையுங்கள். ஓரம் நின்று, நடு மட்டும் கட்டித் தயிர் மாதிரி அசைந்தால் சரி. கத்தி நுனியை விட்டு எடுத்தால் ஈரமாக ஒட்டக் கூடாது. தண்ணீராக ஓடினால் இன்னும் 5 நிமிடம் விட்டுப் பாருங்கள். நடுவிலும் கல் மாதிரி நிற்கும் வரை காத்திருந்தால் பிந்திவிட்டீர்கள். இறக்கி வைத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும்.

வட்டிலப்பம் வெந்த பிறகு முந்திரியை மேலே தூவுவது என் வழக்கம். முதலிலேயே போட்டால் ஊறிப்போய்விடுகிறது. வெளியில் ஆறவைத்து, அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஆறரை மணி: சொதி

பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள், சிவக்க வேண்டாம். முக்கால் கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் 3 விசில். வெளியே எடுத்து நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு உடம்பு கொடுப்பது இந்தப் பருப்புதான். பால் சீக்கிரம் திரியாமல் காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இஞ்சியையும் பச்சை மிளகாயையும் சேர்த்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். சொதியில் மிளகாய்ப் பொடி கிடையாது, எங்கள் வீட்டில் மஞ்சளும் கிடையாது. காரமெல்லாம் இந்த விழுதில்தான். பிள்ளைகள் இருந்தால் மிளகாயை 3 ஆக்கிக்கொள்ளலாம், இஞ்சியைக் குறைக்காதீர்கள்.

அடி கனமான சட்டியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, முழுச் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குங்கள். நிறம் மாற விடக் கூடாது. விழுதைப் போட்டு இரண்டு நிமிடம், பச்சை வாசம் போகும் வரை. அப்புறம் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும், அவை வேக நேரம் எடுக்கும். இரண்டாம் பாலை ஊற்றி, உப்புப் போட்டு, மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து கேரட், பீன்ஸ், பட்டாணி. எல்லாம் வேக மொத்தம் 15 நிமிடம் ஆகலாம். இரண்டாம் பால் நீர்த்தது, லேசாகக் கொதித்தாலும் பெரிய பாதகம் இல்லை. கத்தரிக்காய், பீட்ரூட் போன்ற நிறம் விடும் காய் வேண்டாம், வெள்ளை வெளேரென்று இருப்பதில்தான் சொதியின் அழகு.

காய் வெந்ததும் மசித்த பருப்பைச் சேர்த்து ஒரு கொதி. தண்ணீராகத் தெரிந்தால் இன்னும் ரெண்டு நிமிடம் விடலாம். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்கவைத்து வற்றவைக்க முடியாது.

இப்போது அடுப்பைச் சிம்மில் வையுங்கள். சட்டியின் கொதிப்பு அடங்கட்டும். முதல் பாலை ஊற்றி, ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே, பக்கத்திலேயே நில்லுங்கள். போன் வந்தால் எடுக்காதீர்கள். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டத் தொடங்கும், நடுவில் லேசாக ஆவி எழும். அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதி வந்தால் திரிந்தது என்று அர்த்தம். திரிந்தாலும் கொட்ட வேண்டாம், ருசியில் பெரிய குறை இருக்காது. பார்வைக்குத்தான் சுமார்.

நெய்யில் கடுகு, சீரகம், முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

எலுமிச்சை கடைசி. அடுப்பை அணைத்த உடனே பிழிந்துவிடாதீர்கள். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பால் நிச்சயம் திரியும். பத்து நிமிடம் போகட்டும். முதலில் அரை மூடி பிழிந்து, கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் மீதி. விதையையும் எடுத்துவிடுங்கள், கசக்கும்.

கூட வைக்க

சொதி கொஞ்சம் கனமான சாப்பாடு. தேங்காய்ப் பாலைச் செரிக்கவைக்கத்தான் இஞ்சிப் பச்சடி என்பது பெரியவர்கள் கணக்கு. 50 கிராம் இஞ்சியைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் நன்றாக வதக்கி, ஒரு பச்சை மிளகாயோடு கொரகொரவென்று அரைத்து, சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துவிட்டு, உப்போடு கொதிக்கவையுங்கள். வெல்லம் ஒரு துண்டு. கெட்டியானதும் கடுகு தாளித்தால் முடிந்தது. இதை முந்தின நாளே செய்து வைக்கலாம். வைத்து எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

உருளைக்கிழங்கு வறுவலைச் செய்ய நேரம் இல்லையா? கடையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் மார்க் போடப் போவதில்லை. சொதிக்கு வெறும் சோறே பொருத்தம். இடியாப்பம்தான் வேண்டும் என்றால் அதையும் கடையில் வாங்குங்கள். மாவு பிழிந்து பழகாதவர் இதே நாளில் அதையும் கையில் எடுத்தால், நான் முதலில் சொன்ன பாழான ஞாயிற்றுக்கிழமைதான்.

விருந்தாளிகள் வருகிற அன்றைக்கு முதல் தடவை செய்து பார்க்காதீர்கள். வீட்டு ஆட்கள் முகத்துக்கு நேரே ‘உப்பு இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள். விருந்தாளி ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுப் பாதியை வைத்துவிட்டுப் போவார், நமக்கு ஒன்றும் தெரியாது.

மிச்சம்

சொதியை ராத்திரி வெளியில் வைக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப் பால் விடிவதற்குள் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடு பண்ணும்போது கொதிக்கும் தண்ணீரின் மேல் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள். நேராக அடுப்பில் வைத்தால் சிம்மிலேயே வைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும். வட்டிலப்பம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். மறுநாள் இன்னும் இறுகி, கருப்பட்டி வாசம் தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டில் அது இரண்டாம் நாளைப் பார்த்ததே இல்லை.

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். பீன்ஸ் பொரியலில் கடைசியாகத் தூவலாம், அடை மாவில் கலக்கலாம். தேங்காய் வாசம் குறைவுதான், மென்மையாக இருக்கும்.

பாத்திரம் கழுவுவதற்கு முன்னால், ஞாபகம் இருக்கும்போதே ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். நான் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போன தடவை எழுதினது இப்படி இருக்கிறது: “மிளகாய் 5 அதிகம், 4 போதும். எலுமிச்சை அரை மூடிதான். முருங்கைக்காய் இன்னொன்று போடலாம், பிள்ளைகள் சண்டை. வட்டிலப்பம் 35 நிமிடம் சரி. கருப்பட்டி இந்தக் கடையில் வேண்டாம், ஒரே மண்.”